எரர் வரியில் முகவரி இருக்கிறது, படிச்சீங்களா?

புது லேப்டாப்பில் லினக்ஸ் போடும்போது கறுப்புத் திரையில் கடகடவென்று வரிகள் ஓடும். அதில் நாலைந்து வரி அப்படியே நின்றுவிடும். "எரர்" என்று இருக்கும். சிலதில் "ஹார்டுவேர் எரர்" என்றே இருக்கும். அந்த இடத்தில் நம்மில் பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறோம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுகிறோம். இல்லையென்றால் மொபைலில் போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டு "மச்சி, இது என்னடா?" என்கிறோம். அதுவும் இல்லையென்றால் "லினக்ஸே இப்படித்தான்பா" என்று தீர்ப்பு எழுதிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறோம்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது. அந்த வரியைப் படிப்பது.

நான் சொல்ல வருவது அவ்வளவுதான். எரர் வரியை ஒரு தபால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புகார் யாருக்குப் போக வேண்டும் என்று அதன் மேலேயே முகவரி எழுதியிருக்கும். நாம் முகவரியைப் பார்க்காமல் எல்லாத் தபாலையும் ஒரே வீட்டுத் திண்ணையில் போடுகிறோம். அதனால் பணம் போகிறது, நேரம் போகிறது, நல்லா இருக்கிற லேப்டாப்புக்குக் கெட்ட பெயர் வருகிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே கெட்டுப்போன லேப்டாப் மாற்றித் தரும் கெடு முடிகிற வரை நம்ம டேபிளிலேயே சும்மா இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளையும் எரர் வார்த்தைகளையும் நம்ம இதழ் வழக்கப்படி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் ஆங்கில ஸ்பெல்லிங் தானாக விரலுக்கு வந்துவிடும்.

யார் மேல் தப்பு?

லினக்ஸ் கெர்னலை எழுதுகிறவர்கள் செய்திக்கு முன்னால் ஒட்டுவதற்கென்றே சில முத்திரைகள் வைத்திருக்கிறார்கள். "ஃபர்ம்வேர் பக்" என்று ஒன்று. பயோஸை எழுதியவர்கள் செய்த தவறு இது என்று அர்த்தம். "ஃபர்ம்வேர் வார்ன்" அதைவிடக் கொஞ்சம் மென்மையானது. "ஹார்டுவேர் எரர்" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது முத்திரை எதற்கு என்று கெர்னலின் நிரலிலேயே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர் இந்தப் புகாரை சாஃப்ட்வேர் எழுதியவரிடம் கொண்டுபோகாமல் ஹார்டுவேர் விற்றவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான். அதாவது யாரைப் போய்க் கேட்பது என்று நமக்காக முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

புது லேப்டாப்பில் அதிகம் பேரைப் பயமுறுத்தும் வரி "ஏசிபிஐ பயோஸ் எரர்" என்று ஆரம்பிக்கும். பக்கத்திலேயே "பக்" என்று போட்டிருக்கும். கடைசியில் "ஏஇ நாட் ஃபவுண்ட்" என்று முடியும். ஏசிபிஐ என்பது 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஒரு வரையறை. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ், மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும், ஃபேன் எப்போது சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அட்டவணைகளாக லேப்டாப் கம்பெனி எழுதி போர்டில் இருக்கும் சிப்பில் வைத்துவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதைப் படித்து நடந்துகொள்ளும். அந்த அட்டவணையில் ஓர் இடத்தில் "இந்தப் பெயர்கொண்ட பொருளைப் பார்" என்று இருக்கும், ஆனால் அந்தப் பெயரில் எதுவுமே இருக்காது. பழைய மாடலின் அட்டவணையை எடுத்துத் திருத்தும்போது விட்டுப்போனதாக இருக்கலாம். லினக்ஸ் அதைத் தேடிப் பார்த்துவிட்டு "நீங்கள் சொன்ன பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அதே அட்டவணையைத்தான் விண்டோஸும் படிக்கிறது. அது இதை உங்கள் கண்ணில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பயோஸ் அட்டவணைகள் "நீ விண்டோஸ் 2015-ஆ?" என்கிற மாதிரி கேள்வி கேட்கும். லினக்ஸ் கூசாமல் "ஆமாம்" என்று சொல்லும். காரணம், பெரும்பாலான கம்பெனிகள் விண்டோஸோடு மட்டும்தான் சோதித்துப் பார்க்கின்றன. "நான் லினக்ஸ்" என்று உண்மையைச் சொன்னால் யாரும் சோதிக்காத வழியில் பயோஸ் போய் முட்டிக்கொள்ளும். ஆக, தன் பெயரையே மாற்றிச் சொல்லி லேப்டாப்பை ஓட்டிக்கொடுக்கிற லினக்ஸ் மேல்தான் நாம் பழி போடுகிறோம்.

ஆறாயிரம் ரூபாய் வரி

இது வெறும் தியரி இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். போன செமஸ்டரில் திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வரும் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி என்னைத் தேடி வந்தாள். லேப்டாப் வாங்கி மூன்று வாரம். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கிக் கொடுத்தது. உபுண்டு போட்டபிறகு ஆன் பண்ணும்போதெல்லாம் இரண்டு வரி வந்து போகிறது. பயந்துபோய் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். "மதர்போர்டு பிரச்சனைம்மா, ஆறாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"புது லேப்டாப்புக்கா. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலக்கா."

"சரி, எது வேலை செய்யல? வைஃபை? சவுண்டு? சார்ஜ் ஏறுதா? மூடினா தூங்குதா?"

"எல்லாம் வேலை செய்யுதுக்கா. அந்த வரி மட்டும்தான் வருது."

வரியைக் கேட்டேன். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஓர் எழுத்து, ஒரு புள்ளி விடாமல் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அதே ஏசிபிஐ வரி. கம்பெனியின் பயோஸ் அப்டேட்டைப் போட்டோம். ஒரு வரி காணாமல் போனது. இன்னொன்று இன்றைக்கும் வருகிறது. லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் மிச்சம்.

இதில் என்னை யோசிக்கவைத்தது அந்த நோட்டு. அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். எங்கள் கிளாஸ் குரூப்பில் வரும் எரர் போட்டோக்களில் பாதி ஆடிப்போன போட்டோ. முக்கியமான வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் படிக்காமல் போட்டோ எடுக்கிறோம், இங்கிலீஷுக்குப் பயந்த பெண் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். அவளிடம் இல்லாதது ஆங்கிலம் இல்லை. அந்த வரியில் இருந்த ஏழெட்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஒரு ஆள்.

தட்டிப் பார்க்கிற வாரம்

அதற்காக எல்லா வரியும் வெட்டிப் பயம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில வரிகள் உண்மையான கெட்ட செய்தி.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற வழியில் சிற்பப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே புதுக் கல்லை உளி வைப்பதற்கு முன் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று மணி மாதிரி கேட்டால் நல்ல கல். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். முகத்தைச் செதுக்கி முடித்தபிறகு விரிசல் தெரிந்தால் என்ன பிரயோஜனம்? புது லேப்டாப்பின் முதல் வாரமும் அப்படித்தான். மாற்றித் தருகிற கெடு சில நாள்தான். அதற்குள் தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

எப்படித் தட்டுவது? "எம்சிஇ" என்று ஆரம்பித்து "ஹார்டுவேர் எரர்" என்ற முத்திரையோடு வரி வந்தால் ப்ராசசரே புகார் கொடுக்கிறது. அதில் "கரெக்டட்" என்று இருந்தால் தவறு நடந்து அதுவே சரிசெய்துகொண்டது. எப்போதோ ஒன்று என்றால் குறித்து வையுங்கள். தினமும் வந்தால் விடாதீர்கள். "அன்கரெக்டட்" அல்லது "ஃபேட்டல்" என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே விற்றவரிடம் பேசுங்கள்.

ராமுக்கு மெம்டெஸ்ட் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் அது சாட்சி. எஸ்எஸ்டிக்கு ஸ்மார்ட் அறிக்கை இருக்கிறது. "ஸ்மார்ட்சிடிஎல்" என்ற கட்டளை அதைக் காட்டும். அதில் "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" என்ற இடத்தில் புது டிரைவுக்கு 0 இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால் அந்த டிரைவில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வைக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று. சர்வீஸ் சென்டருக்குப் போனால் "லினக்ஸ் போட்டிருக்கீங்க, அதான்" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் நமக்கு உண்டு. டெல், எச்பி போன்ற கம்பெனிகள் பயோஸ் பக்கத்திலேயே சோதனை நிரல் வைத்திருக்கின்றன. அதற்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் வேண்டாம். ஆன் பண்ணும்போது ஒரு கீயை அழுத்தினால் ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றையும் சோதித்து, தவறு இருந்தால் ஒரு எண்ணும் கொடுக்கும். அந்த எண்ணைக் காட்டினால் அங்கே லினக்ஸ் பேச்சுக்கே இடமில்லை. அது கம்பெனி தன் வாயாலேயே சொன்னது.

கடற்கரைப் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் உப்புக் காற்றில் வாசல் கேட்டே துருப்பிடிக்கிறது, லேப்டாப் போர்ட் எம்மாத்திரம்? புதுசில் வராது. ஒரு வருஷம் கழித்து "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்ற வரி தொட்டதற்கெல்லாம் வர ஆரம்பித்தால் டிரைவரைத் தேடி அலைவதற்கு முன் போர்ட்டையும் கேபிளையும் பாருங்கள்.

யார் மேலும் தப்பு இல்லாத வரிகள்

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. லேப்டாப்பும் நல்லது, லினக்ஸும் நல்லது, ஆனால் இருவரும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை. புது லேப்டாப்பில் நம்மை அதிகம் படுத்துவது இதுதான்.

முதலில் வைஃபை. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூன் 10. அதில் இருந்த கெர்னல் 6.1. ரியல்டெக் 8852பிஇ என்ற வைஃபை சிப்புக்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 6.2-ல். ஒரே ஒரு படி வித்தியாசம். அந்த சிப் உள்ள லேப்டாப்பில் டெபியன் 12 போட்டவருக்கு வைஃபை என்ற ஒன்றே தெரியாது. அவர் லேப்டாப் கெட்டுப்போனது என்று நினைப்பார். உண்மையில் லேப்டாப் புதுசு, கெர்னல் பழசு. புது கெர்னல் போட்டால் தீர்ந்தது.

"ஃபர்ம்வேர் ஃபெயில்ட் டு லோட்" என்று வந்தால் கதை வேறு. டிரைவர் இருக்கிறது, ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கம்பெனியின் ஃபைல் இல்லை. டெபியன் பல வருஷமாக அந்த ஃபைல்களைத் தன் இன்ஸ்டாலரில் வைக்காமல் இருந்தது, ஏனென்றால் அவை சுதந்திர மென்பொருள் இல்லை. 2022-ல் அவர்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தி, டெபியன் 12-லிருந்து சேர்த்துக்கொண்டார்கள். ஆக, அந்த வரி ஒரு கொள்கை முடிவின் விளைவு. ஹார்டுவேர் கோளாறே கிடையாது. இரண்டு பிரச்சனைக்கும் அவசரத்துக்கு ஒரே வைத்தியம்: போனை யூஎஸ்பியில் சொருகி டெதரிங் போடுங்கள். நெட் கிடைத்துவிடும். மீதியை அதை வைத்து இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாதது. இன்டெல் லேப்டாப்களில் பயோஸில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருந்தால் இப்படி ஆகலாம். உபுண்டு இன்ஸ்டாலர் ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி நேராகவே கேட்கும். இதைப் பார்த்து "பார், லினக்ஸுக்கு எஸ்எஸ்டி கூடத் தெரியல" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். விஎம்டி உள்ள லேப்டாப்களில் விண்டோஸ் 11-ஐ புதிதாக இன்ஸ்டால் செய்து பாருங்கள். இன்டெல் டிரைவரைத் தனியாகக் கொடுக்காவிட்டால் அதற்கும் பல சமயம் டிஸ்க் தெரியாது. கடையில் போட்டுக் கொடுத்ததால் நமக்கு அந்த எரர் தெரியாமல் போனது.

ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே உள்ள விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி தயார் செய்யாமல் இந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் திறக்காது. பிட்லாக்கர் ஆனில் இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயோஸில் எதையும் தொடுவதற்கு முன் அதைப் பேப்பரில் எழுதி வையுங்கள். தயவுசெய்து அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமிக்காதீர்கள்.

மூன்றாவது, என்விடியா. செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது டிரைவர் போட்டால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரை வந்து ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லி 10 வினாடி காத்திருக்கும். "ஐயோ, நீலத் திரை" என்று விண்டோஸ் பழக்கத்தில் பயந்து விட்டுவிட்டால் வாய்ப்பு போச்சு. பிறகு "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வரும். அதற்கு அர்த்தம், டிரைவர் வந்தது, அடையாள அட்டை இல்லாததால் வாசலில் நிறுத்திவிட்டார்கள். நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி. அட்டை கொடுத்தால் விட்டுவிடுவார்.

மந்திரம் வேண்டாம்

இதையெல்லாம் படிக்காமல் நாம் செய்வது மந்திரம் போடுவது. "நோமோட்செட் போடு", "ஏசிபிஐ ஆஃப் போடு", "நோ-ஏஇஆர் போடு". சீனியர் சொன்னார், அவருக்கு அவருடைய சீனியர் சொன்னார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

நோமோட்செட் என்பது கிராஃபிக்ஸ் டிரைவரை ஒதுங்கி நிற்கச் சொல்வது. திரையே தெரியாதபோது உள்ளே நுழைவதற்கு அது உதவும். டிரைவர் போட்டு முடித்தபிறகும் அதை எடுக்காமல் விட்டால் ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப்பின் ஜிபியு சும்மா உட்கார்ந்திருக்கும். ஏசிபிஐ-யை மொத்தமாக அணைப்பது, ஒரு ஸ்விட்ச் சரியில்லை என்று வீட்டு மெயினையே இறக்குவது மாதிரி. எரர் வரி வராது. பேட்டரி அளவும் தெரியாது, டச்பேடும் போகலாம்.

நோ-ஏஇஆர் இன்னும் மோசம். பிசிஐ வழித்தடத்தில் "சிவியாரிட்டி கரெக்டட்" என்று நிமிஷத்துக்கு நூறு வரி வரும் லேப்டாப்கள் உண்டு. தகவல் ஒருமுறை தவறாகப் போய், திரும்ப அனுப்பிச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பல நேரம் மின்சாரத்தைச் சேமிக்க அந்த வழித்தடம் அடிக்கடி தூங்கி எழுவதுதான் காரணம். அந்தச் சேமிப்பை அணைத்துப் பார்த்து வரிகள் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. நோ-ஏஇஆர் அப்படி எதையும் செய்யாது. புகார் சொல்கிறவன் வாயைப் பொத்தும். பிரச்சனை அப்படியே இருக்கும்.

ஒரு எளிய ஒழுங்கு போதும். எந்த மந்திரத்தையும் முதலில் கிரப் மெனுவில் "இ" அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். என்ன மாறியது என்று தெரிந்தபிறகு, ஏன் என்று ஒரு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிந்தால் மட்டும் ஃபைலில் நிரந்தரமாக எழுதுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. ஓஎஸ் லேபில் நாலு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி மார்க் வாங்குவதற்கு அது தாராளமாகப் போதும். அப்படிச் செய்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்குள் இருக்கும் ஹார்டுவேர் பொய். வைஃபை சிப் அங்கே இல்லை, பயோஸ் இல்லை, ஏசிபிஐ அட்டவணை உங்கள் லேப்டாப்புடையது இல்லை. நாலு வருஷம் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், மைக்ரோப்ராசசர் என்று படித்துவிட்டு, நம் மடியில் இருக்கும் இயந்திரம் தன் உடம்புக்கு என்ன என்று சொல்கிற பாஷை நமக்குத் தெரியாமல் வெளியே போகிறோம். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு சர்வரோ, ஒரு கட்டுப்பாட்டு போர்டோ இதே மாதிரி வரியைத்தான் எழுதும். அங்கே கிளாஸ் குரூப் இருக்காது.

தமிழில் என்ன வேண்டும்?

சிலர் எரர் செய்தியையே தமிழாக்கிவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டெஸ்க்டாப் மெனுக்கள் தமிழில் வருவது நல்லது, வருகின்றன. கெர்னல் செய்திகள் எந்த மொழிக்கும் மொழிபெயர்க்கப்படுவதில்லை. அதுவும் நல்லதுதான். அந்த வரி உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால்தான் பிரேசிலில் ஒருவர் கண்டுபிடித்த தீர்வு செங்கல்பட்டில் உதவுகிறது. வரி அப்படியே இருக்கட்டும். அதைச் சுற்றி விளக்கம் தமிழில் வேண்டும்.

இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஃபெயில்ட், டைம்அவுட், நாட் ஃபவுண்ட், ரிஜெக்டட், கரெக்டட், ஃபேட்டல், மிஸ்ஸிங், டிஸ்கனெக்ட், அன்சப்போர்ட்டட். இப்படி முப்பது வார்த்தை தெரிந்தால் நீங்கள் சந்திக்கப்போகும் பெரும்பாலான வரிகளின் முகவரியைப் படித்துவிடலாம். கணியம் இதழ் 2012-லிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், லினக்ஸ் சந்தேகத்துக்கு நாம் இன்னும் காஞ்சிபுரத்துக் கதவைத்தான் தட்டுகிறோம். ஜிஎஸ்டி ரோட்டிலும் ஓஎம்ஆரிலும் இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் வைத்திருக்கும் மாவட்டம் கொஞ்சம் வெட்கப்படலாம்.

வாங்குகிறவர் கேட்டால் நடக்கும்

இன்னொரு கருத்தும் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7-ஓடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சிடாக் உருவாக்கியது. சென்னை சிடாக்கின் பங்கு அதில் பெரியது. உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ வைத்திருந்தால் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பது வேறு விஷயம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அங்கே லினக்ஸைப் போட்டுத் தருவது விற்கிறவர் வேலையாக இருந்தது. எரர் வரியோடு மாணவர் மல்லுக்கட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாங்குகிறவர் பெரிய ஆள், கேட்டார், கிடைத்தது.

நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு லேப்டாப் வாங்கும்போது நம் குரலுக்கு அந்த எடை கிடையாது. ஆனால் காலேஜ் ஒரு லேபுக்கு அறுபது கம்ப்யூட்டர் வாங்கும்போது இருக்கிறது. கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் "லினக்ஸ் போட்டு வைஃபை, சவுண்டு, ஸ்லீப் மூன்றும் வேலை செய்வதைக் காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நம் துறைத் தலைவர்கள் இதைப் படித்தால் அடுத்த முறை யோசிக்க வேண்டுகிறேன்.

மாணவர்களாகிய நம்மிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழில் ஒரு பக்கத்தை எரர் நோட்டாக வைக்கலாம் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு வந்த வரியை அனுப்புங்கள். நாலே நாலு தகவல் போதும். லேப்டாப் மாடல் பெயர். "யூநேம் மைனஸ் ஆர்" கொடுத்தால் வரும் கெர்னல் எண். "எல்எஸ்பிசிஐ மைனஸ் என்என்கே" கொடுத்தால் வரும் பட்டியலில் பிரச்சனை செய்யும் சிப்பின் வரி. அதில் கம்பெனிக்கு ஒரு எண் இருக்கும். இன்டெல்லுக்கு 8086, அவர்களுடைய பழைய ப்ராசசரின் பெயரே. கடைசியாக, அந்த எரர் வரி, முழுசாக, எழுத்தாக. போட்டோ வேண்டாம். தீர்ந்திருந்தால் எப்படித் தீர்ந்தது என்று தமிழில் நாலு வாக்கியம். தீரவில்லை என்றால் தீரவில்லை என்றே எழுதுங்கள். அதே மாடலை வாங்க நினைக்கும் ஒரு ஜூனியருக்கு அதுவும் பெரிய உதவி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட் போவதற்கு முன், அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வரியைப் படியுங்கள். முகவரி கம்பெனியுடையது என்றால் கம்பெனியைப் பிடியுங்கள். கெர்னல் பழசு என்றால் புதுசு போடுங்கள். வரி வந்தாலும் எல்லாம் ஓடுகிறது என்றால் அதை விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.